வீடு மராமத்து நடக்குது, எல்லா ரூம்லயும் பாட்டு கேக்க இப்பவே என்ன ஒயர் இழுத்து வைக்கணும்?

மாடிப்படி:

எல்லாருக்கும் வணக்கம். வீட்ட மொத்தமா மராமத்து பண்ணிட்டு இருக்கோம். கீழ ஹால், கிச்சன், ஒரு பாத்ரூம், மேல ரெண்டு பெட்ரூம், ஒரு சின்ன ஆபீஸ் ரூம், அதுக்கு வெளிய திறந்த பால்கனி. பழைய ஒயரிங் எல்லாம் உருவியாச்சு, சுவர்ல காடி எடுத்துட்டு இருக்காங்க, ஹால்லயும் கிச்சன்லயும் ஃபால்ஸ் சீலிங் வரும், மத்த ரூம்ல வராது. பூச்சு ஆரம்பிச்சிட்டா அப்புறம் ஒரு ஓட்டை கூட போட விடமாட்டேன்னு மேஸ்திரி கறாரா சொல்லிட்டார், அதான் அவசரமா கேக்கறேன்.

ஆசை என்னன்னா, காலைல வேலை செய்யறப்ப கிச்சன்லயும் ஹால்லயும் ஒரே பாட்டு ஓடணும், அதே நேரம் மேல பையன் அவன் இஷ்டத்துக்கு வேற ஏதாவது கேட்டுக்கணும், டிவில மேட்ச் ஓடுனா கமெண்ட்ரி கிச்சன்லயும் கேக்கணும். எலக்ட்ரீசியன் கிட்ட சொன்னா "இப்பல்லாம் எல்லாமே ஒயர்லெஸ் தாங்க, எதுக்கு வீணா ஒயர்"ன்னு முடிச்சிட்டார். அவர் சொல்றது சரியா? இல்ல ஒயர் இழுக்கணும்னா எந்த ஒயர், எங்கேர்ந்து எங்க, ஆம்ப் (ஸ்பீக்கருக்கு பவர் குடுக்கற ஆம்ப்ளிஃபையர்) எல்லாம் ஒரே இடத்துல வைக்கறதா ரூமுக்கு ரூம் வைக்கறதா, சீலிங் ஸ்பீக்கர் நல்லா இருக்குமா, ஒண்ணுமே புரியல. சாமான் வாங்க இப்ப கையில காசு இல்ல, அத மெதுவா வாங்கிக்கலாம், சுவருக்குள்ள போறத மட்டும் இப்ப சரியா பண்ணிடணும்.

காப்பர்கம்பி:

கடைசி வரி ஒண்ணு போதும், நீங்க சரியா யோசிக்கறீங்க. பொட்டி அஞ்சாறு வருஷத்துல மாறிடும், சுவருக்குள்ள இருக்கற செம்பு நீங்க இருக்கற வரைக்கும் இருக்கும். அதனால எந்த கம்பெனி, எந்த ஆப்புன்னு இப்ப யோசிக்கவே யோசிக்காதீங்க.

முதல்ல ஒரு இடத்த முடிவு பண்ணுங்க, எல்லா ஒயரும் அங்க வந்து சேரணும். மாடிப்படிக்கு அடில ஒரு அலமாரி, ஸ்டோர் ரூம் மூலை, இன்டர்நெட் லைன் வீட்டுக்குள்ள வர்ற இடத்துக்குப் பக்கம், இப்படி ஏதாவது. ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் அங்கேர்ந்து தனித்தனி ஒயர் போகணும். ஒரு ரூம்லேர்ந்து அடுத்த ரூமுக்கு, அங்கேர்ந்து அடுத்ததுக்குன்னு லைட்டுக்கு லூப் அடிக்கற மாதிரி எலக்ட்ரீசியன் பழக்க தோஷத்துல அடிச்சிடுவார், பக்கத்துல நின்னு பாத்துக்கங்க. லூப் அடிச்சிட்டா அந்த ரூமெல்லாம் ஒரே பாட்டுதான், தனித்தனியா பிரிக்க வழியே இல்ல, அதுக்கு மேல ஓம்ஸும் (கரண்டுக்கு இருக்கற தடை) குறைஞ்சி ஆம்ப் சூடாகும்.

ஒயர் கனம்: செம்பு 1.5 ஸ்கொயர் எம்எம் மீட்டருக்கு சுமார் 12 மில்லி ஓம் வரும். போக வர ரெண்டு கம்பி இருக்கறதால 15 மீட்டர் தூரம்னா 30 மீட்டர் கம்பி, அதாவது 0.36 ஓம். ஸ்பீக்கரோட ஓம்ஸ்ல 5 சதவீதத்துக்குள்ள ஒயர் இருந்தா காதுக்கு வித்தியாசம் தெரியாதுன்னு பொதுவா எடுத்துக்குவாங்க, 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது 0.4. ஆக 15 மீட்டர் வரைக்கும் 1.5 தாராளம். அதுக்கு மேல போனா 2.5 போடுங்க, அது 25 மீட்டருக்கும் தாங்கும். 4 ஓம் ஸ்பீக்கர்னா இந்த தூரமெல்லாம் பாதியாயிடும், அத மறந்துடாதீங்க. தூரத்த அளக்கறப்ப பைப் வளைஞ்சு வளைஞ்சு போற வழிய அளங்க, நேர்கோடு போட்டுப் பாத்தா ஏமாந்துருவீங்க.

அப்புறம் "செம்பு"ன்னு சொல்லி அலுமினியத்து மேல செம்பு பூசின ஒயர் நிறைய சுத்துது. அலுமினியம் செம்புல 60 சதவீதம் அளவுக்குத்தான் கரண்ட கடத்தும், மேல சொன்ன கணக்கு எல்லாம் அடிபட்டுப் போகும். முனைய கத்தியால லேசா சுரண்டிப் பாருங்க, உள்ள வெள்ளையா தெரிஞ்சா திருப்பிக் குடுத்துருங்க. சுருள தூக்குனாலே தெரியும், எடையே இருக்காது.

ஸ்பீக்கர் ஒயரும் நெட்வொர்க் ஒயரும் மெயின்ஸ் (வீட்டு கரண்ட்) பைப்புக்குள்ள போகவே கூடாது. பக்கத்துப் பக்கத்துல ஓடுனா குறைஞ்சது ஒரு அடி தள்ளி ஓடட்டும், குறுக்க போயே ஆகணும்னா சரியா செங்குத்தா கடக்கட்டும். எல்லா ரூமுக்கும் 25 எம்எம் பைப், உள்ள பாதி இடமாவது காலியா இருக்கணும், ஒரு நைலான் கயிறும் விட்டு வைங்க. கயிறு இருந்தா பின்னாடி எந்த ஒயர் வேணாலும் இழுத்துக்கலாம். வளைவு ரெண்டுக்கு மேல வந்தா நடுவுல ஒரு பாக்ஸ் வைக்கச் சொல்லுங்க, இல்லன்னா கயிறு இருந்தும் பிரயோஜனம் இல்ல.

சும்மாஒருத்தன்:

ப்ரோ எனக்கு என்னமோ எலக்ட்ரீசியன் சொல்றது தான் கரெக்ட்னு தோணுது. ரூமுக்கு ஒரு ஒயர்லெஸ் ஸ்பீக்கர் வாங்கி வச்சமா பிளக்க சொருகுனமா ஆப்ல குரூப் பண்ணமா வேலை முடிஞ்சது. வீடு மாறுனா கையோட தூக்கிட்டும் போயிரலாம். இவ்ளோ ஒயர் இழுத்து, ஆம்ப் வாங்கி, சீலிங்ல ஓட்டை போட்டு... யாருக்கு சாமி பொறுமை இருக்கு. ஸ்பீக்கர் வைக்கப்போற இடத்துல ஒரு பிளக் பாயிண்ட் மட்டும் எக்ஸ்ட்ரா வச்சிக்கங்க ப்ரோ போதும்.

ஸ்வரவரிசை:

மேல சொன்னவர் சொல்றத முழுசா தள்ளிட முடியாது, நெறைய பேருக்கு அது போதும் தான், ஆனா சுவர் திறந்து கிடக்கற நேரத்துல அந்த பதில சொல்றது தான் எனக்கு உறுத்துது, ஏன்னா பூச்சு முடிஞ்ச வீட்ல இருக்கறவங்களுக்கு சொல்ல வேண்டியத இவங்களுக்கு சொல்றீங்க.

ஒயர்லெஸ்ல இருக்கற தலைவலி என்னன்னா அது அந்த கம்பெனி நெனைக்கற வரைக்கும் தான் ஓடும். லாஜிடெக் ஸ்க்வீஸ்பாக்ஸ்னு ஒண்ணு இருந்துச்சு, எல்லா ரூம்லயும் பாட்டுக்கு அப்ப அதுதான், 2012ல நிறுத்திட்டாங்க. கூகுள் க்ரோம்காஸ்ட் ஆடியோன்னு சாதா ஸ்பீக்கர ஒயர்லெஸ் ஆக்கற குட்டி பொட்டி, அத தயாரிக்கறத 2019 ஜனவரியில நிறுத்துனாங்க. சோனோஸ்ங்கற ஒயர்லெஸ் ஸ்பீக்கர் கம்பெனி தன்னோட பழைய மாடலுக்கெல்லாம் 2020 மே மாசத்தோட புது அப்டேட் கிடையாதுன்னு சொல்லி ஆப்ப ரெண்டா பிரிச்சாங்க. யாரையும் குறை சொல்றதுக்காக சொல்லல, இந்த தொழிலே அப்படித்தான். ஸ்பீக்கரும் ஆம்பும் ரிசீவரும் (நெட்வொர்க்லேர்ந்து பாட்ட வாங்கற பகுதி) ஒரே டப்பாக்குள்ள இருந்தா ரிசீவர் செத்தா ஸ்பீக்கரும் சேந்து குப்பைக்கு போகுது. சீலிங்ல சாதா ஸ்பீக்கரும் அதுலேர்ந்து வர்ற ரெண்டு கம்பியும் இருந்தா ரிசீவர மட்டும் மாத்திக்கலாம், இன்னிக்கு ஒண்ணு நாளைக்கு ஒண்ணு. வேடிக்கை என்னன்னா ஸ்க்வீஸ்பாக்ஸுக்கு இருந்த சர்வர் மென்பொருள பயன்படுத்தறவங்களே காப்பாத்திட்டு வந்து இப்ப லைரியன் மியூசிக் சர்வர்ங்கற பேர்ல ஓடிட்டு இருக்கு, பழைய பொட்டி கூட அதுல இன்னும் பாடுது.

இன்னொண்ணு சத்தம் ஒண்ணா சேந்து வர்றது. இத யாரும் முன்கூட்டி யோசிக்கறதே இல்ல. சத்தம் ஒரு செகண்டுக்கு சுமார் 343 மீட்டர் போகும், அதாவது ஒரு மீட்டருக்கு 3 மில்லிசெகண்ட். கிச்சன்ல நிக்கறீங்க, ஹால் ஸ்பீக்கர் 10 மீட்டர் தள்ளி இருக்குன்னா எல்லாம் கச்சிதமா ஓடுனா கூட அந்த சத்தம் 30 மில்லிசெகண்ட் லேட்டா தான் உங்க காதுக்கு வரும். காது அது வரைக்கும் பொறுத்துக்கும், அதுக்கு மேல போகப் போக எதிரொலியா பிரிச்சுக் கேக்க ஆரம்பிச்சிடும். இப்ப கிச்சன்ல ஒரு கம்பெனி ஸ்பீக்கர், ஹால்ல வேற கம்பெனி, ஒண்ணு ஏர்ப்ளே (ஆப்பிளோட ஒயர்லெஸ் முறை) ஒண்ணு ப்ளூடூத்னு வச்சா ஆளுக்கு ஒரு டிலே, கிணத்துக்குள்ள தலைய விட்டு பாட்டு கேக்கற மாதிரி இருக்கும். அதனால பக்கத்துப் பக்கத்து ரூம்ல என்ன வாங்குனாலும் ஒரே முறையில ஓடறதா வாங்குங்க, தூரத்து ரூம்ல வேற இருந்தா பரவால்ல.

டிவி கமெண்ட்ரி கிச்சன்ல வேணும்னு கேட்டீங்கல்ல, அதுல தான் ஒயருக்கு மார்க் அதிகம். நெட்வொர்க்ல பாட்டு அனுப்பற முறை பெரும்பாலும் கொஞ்சம் பாட்ட முன்னாடியே சேத்து வச்சிக்கிட்டு தான் எல்லா ரூம்லயும் ஒண்ணா விடும், அதனால தான் பிசிறில்லாம ஓடுது. பாட்டுக்கு அது பிரச்சனையே இல்ல, டிவிக்கு வந்தா ஆள் வாய மூடுனப்புறம் வார்த்தை வரும், ஹால்லேர்ந்து ஒரு தடவை கிச்சன்லேர்ந்து ஒரு தடவைன்னு ரெண்டு தடவை "அவுட்" கேக்கும். டிவிலேர்ந்து ஆப்டிகல் கேபிளோ அனலாக் கேபிளோ நேரா ஆம்ப் வைக்கற இடத்துக்கு கொண்டு வந்து அங்கேர்ந்து ஸ்பீக்கர் ஒயர்ல அனுப்பிட்டா இந்த தொல்லை இல்ல. ஆக டிவி சுவருக்கும் அலமாரிக்கும் நடுவுல ஒரு பெரிய பைப் கண்டிப்பா போடுங்க, மத்த ரூமுக்கு 25னா இதுக்கு 40 போட்டாலும் தப்பில்ல, ஹெச்டிஎம்ஐ பிளக்கோட தலை பெருசு, சின்ன பைப்ல நுழையாது.

சும்மாஒருத்தன்:

அவுட் ரெண்டு தடவை கேட்டா ரெண்டு விக்கெட்னு சந்தோஷப்படலாம்ல 😄 சரி சரி டிவி மேட்டர் நான் யோசிக்கல, ஒத்துக்கறேன்.

மாடிப்படி:

ப்ரோ இல்லீங்க, அக்கா 🙂 ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ விளக்கமா எதிர்பாக்கல.

மாடிப்படிக்கு அடில ஒரு அலமாரி வருது, இன்டர்நெட்டும் அங்கதான் வருது, அதையே வச்சிக்கறேன். அங்கேர்ந்து எட்டாத தூரம் மேல ஆபீஸ் ரூம் தான், பைப் வழி அளந்து பாத்தா 19 மீட்டர் வருது. இப்ப இன்னும் கொஞ்சம் சந்தேகம். ஒண்ணு, மாமியார் போன்ல ஆப் எல்லாம் தொறக்க மாட்டாங்க, சத்தத்த கூட்டி குறைக்க சுவர்ல ஒரு திருகு இருந்தா தான் அவங்களுக்கு சரி வரும். அதுக்கு தனியா ஒயர் வேணுமா? ரெண்டு, பாத்ரூம்ல ஒரு ஸ்பீக்கர் வைக்கலாமா, ஈரத்துல ஷாக் அடிக்குமா? மூணு, ஆறு இடத்துக்கு ஆறு ஆம்ப் வாங்கணுமா, ஒரே ஆம்ப்ல எல்லாத்தையும் மாட்ட முடியாதா?

ரேக்குராஜா:

மூணாவதுலேர்ந்து வர்றேன் அக்கா. சாதா ஸ்டீரியோ ஆம்ப் ஒண்ணுல எல்லாத்தையும் மாட்டாதீங்க. 8 ஓம் ஸ்பீக்கர் ரெண்ட பேரலல்ல (ரெண்டையும் ஒரே முனையில பக்கத்துப் பக்கமா) போட்டா 4 ஓம், நாலு போட்டா 2 ஓம், பெரும்பாலான ஆம்ப் 2 ஓம்ல ஒண்ணு கட்டாகும் இல்ல புகையும். நடுவுல ஒரு செலக்டர் பொட்டி வச்சு சமாளிக்கலாம், உள்ள ரெசிஸ்டர் இருக்கும், ஆம்ப காப்பாத்தும், ஆனா பவர்ல பாதிக்கு பக்கம் அந்த பொட்டியவே சூடாக்கும், எனக்குப் பிடிக்காது. ரெண்டு வழிதான் உருப்படி. ஒண்ணு, மல்டிசோன் ஆம்ப், 6 சோன் 12 சேனல்னு (ஒரு சோன்னா ஒரு இடம், அதுக்கு லெஃப்ட் ரைட் ரெண்டு சேனல்) ஒரே பொட்டியா வரும், எந்த ரூமுக்கு எந்த சோர்ஸ்னு, அதாவது பாட்டு எதுலேர்ந்து வரணும்னு, அதுவே பிரிக்கும், டிவிய ஒரு சோர்ஸா குடுத்துட்டா மேல சொன்ன டிலே கதை தீந்துச்சு. ரெண்டு, ரூமுக்கு ஒரு சின்ன ஸ்ட்ரீமிங் ஆம்ப் (நெட்வொர்க்லேர்ந்து தானே பாட்ட எடுத்துக்கறது), எல்லாத்தையும் அலமாரியிலயே அடுக்கிடறது. காசு மெதுவா வரும்னா ரெண்டாவது வசதி, ஹாலுக்கு ஒண்ணு வாங்கி ஆரம்பிச்சு ஒவ்வொண்ணா சேக்கலாம். ரெண்டுக்கும் சுவருக்குள்ள இருக்க வேண்டியது ஒரே ஒயரிங் தான், அதனால இப்ப முடிவு பண்ண வேண்டாம்.

வாட்ஸ பாத்து பயப்படாதீங்க. பின்னணில ஓடற பாட்டுக்கு ஸ்பீக்கர் ஒரு வாட் ரெண்டு வாட் தான் குடிக்கும். சத்தம் 3 டெசிபல் ஏறணும்னா பவர் ரெட்டிப்பு ஆகணும், 50 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் காதுல அவ்ளோதான் வித்தியாசம்.

சுவர் திருகு: பழைய முறையில ஸ்பீக்கர் ஒயரே அந்த திருகு வழியா போகும், உள்ள ட்ரான்ஸ்ஃபார்மர் இருக்கும். புது முறையில கேட் 6ங்கற நெட்வொர்க் ஒயர்ல ஒரு பட்டன் பேனல், அது அலமாரியில இருக்கற பொட்டிக்கு சொல்லும். எது வரும்னு இப்ப தெரியாதுல்ல, ரெண்டுக்கும் இடம் விட்டுருங்க. அலமாரியிலேர்ந்து நாலு கம்பி இருக்கற ஸ்பீக்கர் கேபிள் ஒண்ண சுவிட்ச் உயரத்துல ஒரு தனி பாக்ஸுக்கு கொண்டு வாங்க, அங்க வெட்டாம ஒரு முழம் சுருட்டி விட்டுட்டு அப்படியே மேல சீலிங்குக்கு போகட்டும். அந்த பாக்ஸுக்கே ஒரு கேட் 6 வரட்டும். திருகு வேணும்னா அந்த சுருள வெட்டி நடுவுல மாட்டலாம், வேணாம்னா வெட்டாத ஒயரா அப்படியே இருக்கும், ஒரு பிளேட் போட்டு மூடிடலாம். பாக்ஸ் ஆழமானதா இருக்கட்டும், ட்ரான்ஸ்ஃபார்மர் திருகு குண்டா இருக்கும். முக்கியமா, லைட் சுவிட்ச் இருக்கற பாக்ஸுக்குள்ள இத நுழைக்கக் கூடாது, தனி பாக்ஸ், பக்கத்துல இருக்கலாம் ஆனா உள்ள கலக்கக் கூடாது. இதுல எலக்ட்ரீசியன் "ஒண்ணும் ஆகாது"ன்னு சொன்னா கேக்காதீங்க.

ஒரு எச்சரிக்கை, ஸ்ட்ரீமிங் ஆம்ப் வச்சிக்கிட்டு ட்ரான்ஸ்ஃபார்மர் திருகும் வச்சா ரெண்டு வால்யூம் ஆயிடும், ஒண்ணு குறைச்சிருக்கும் இன்னொண்ண ஏத்திட்டே இருப்பீங்க. மாமியாருக்கு பட்டன் பேனல் தான் நல்லது.

அலமாரி பத்தி யாரும் சொல்லல. ஆழம் 60 செமீ இருக்கட்டும், ஆம்புக்குப் பின்னாடி பிளக்கும் ஒயரும் வளைய இடம் வேணும். கதவ அடைச்சு மூடிடாதீங்க, கீழ காத்து உள்ள வர்ற மாதிரி ஜாலி, மேல வெளிய போற மாதிரி ஜாலி. அங்க தனி சர்க்யூட்ல ரெண்டு மூணு பிளக் பாயிண்ட். ஒவ்வொரு ஒயரும் அலமாரிக்குள்ள ரெண்டு மீட்டர் நீளமா தொங்கட்டும், சிக்கனம் பண்ணி சுவரோட வெட்டிட்டுப் போயிடுவாங்க, அப்புறம் ஜாயின்ட் போட்டு ஓட்டணும்.

ஒலிப்பெட்டி:

ஸ்பீக்கர் இடம் பத்தி நான் சொல்றேன், இதுல தான் எல்லாரும் லைட்டுக்கு நடுவுல அழகா சமமா இருக்கணும்னு டிசைனர் பேச்ச கேட்டு மோசம் போறாங்க.

சீலிங் ஸ்பீக்கர் நடமாடற இடத்துக்கு நல்லது, உக்காந்து கேக்கற இடத்துக்கு சுமார் தான். கிச்சன், பாத்ரூம், பெட்ரூம்னா தாராளமா சீலிங். ஆனா ஹால்ல சோபால உக்காந்து பாட்டு கேப்பீங்க, டிவி பாப்பீங்க, அங்க குரல் தலைக்கு மேலேர்ந்து வந்தா கண்ணு ஒரு பக்கம் காது ஒரு பக்கம். டிவிக்கு ரெண்டு பக்கமும் காது உயரத்துல சாதா ஸ்பீக்கர் வைக்கற மாதிரி ஒயர் குடுங்க, ஹால் சீலிங்கும் வேணும்னா அது கூடுதலா இருக்கட்டும். சப்வூஃபர் (பாஸ், அதாவது அடி சத்தம் மட்டும் தர்ற ஸ்பீக்கர்) வைக்க ரெண்டு மூலையிலயும் ஒரு பிளக் பாயிண்டும் அலமாரியிலேர்ந்து ஒரு ஷீல்டு கேபிளும் விடுங்க. சப்புக்குள்ளயே ஆம்ப் இருக்கும், அதுக்கு ஸ்பீக்கர் ஒயர் பத்தாது. எந்த மூலை நல்லா இருக்கும்னு வச்சுக் கேட்டாதான் தெரியும், அதான் ரெண்டு.

கிச்சன்ல அடுப்புக்கு நேர் மேல வேண்டாம், எண்ணெய் புகை ஸ்பீக்கரோட கோனையும் (அதிர்ற கூம்பு) ரப்பரையும் நாசம் பண்ணிடும், புகைபோக்கி சத்தமும் பாட்ட முழுங்கும். காய் நறுக்கற மேடைக்கு மேல ஒண்ணு, சாப்பாட்டு மேஜை பக்கம் ஒண்ணு. சுவர விட்டு ரெண்டடி தள்ளி இருக்கட்டும், ரொம்ப ஒட்டுனா பாஸ் உப்பிக்கும். நின்னு நடந்து வேலை செய்யற இடத்துல ஸ்டீரியோ அர்த்தமே இல்ல, லெஃப்ட்டுக்கு அடியில நின்னா பாதி பாட்டு தான் கேக்கும், அதனால ஆம்ப் வாங்கறப்ப அந்த சோன மோனோவா (லெஃப்ட் ரைட் ரெண்டும் ஒண்ணா சேந்து) மாத்த முடியுமான்னு பாத்து வாங்குங்க. பேசறது பாடறது எல்லாம் மோனோல இன்னும் தெளிவா இருக்கும்.

பாத்ரூம்: ஷாக் பயம் வேண்டாம், ஆம்ப் வெளிய அலமாரியில தான் இருக்கு, ஸ்பீக்கருக்கு வர்றது மெயின்ஸ் இல்ல. ஆனா ஈரம் தாங்கும்னு கம்பெனியே சொன்ன மாடலா வாங்கணும், ஷவருக்கு நேர் மேல வேண்டாம். பிளக்குல மாட்டற ஒயர்லெஸ் ஸ்பீக்கர பாத்ரூமுக்குள்ள கொண்டு போறது தான் உண்மையிலயே ஆபத்து. சின்ன இடத்துக்கு ரெண்டு ஸ்பீக்கர் தேவையில்ல, ஒரே ஸ்பீக்கருக்குள்ள லெஃப்ட் ரைட் ரெண்டும் வர்ற மாதிரி ரெண்டு ட்வீட்டரோட (கீச்சு சத்தம் தர்ற குட்டி ஸ்பீக்கர்) கிடைக்குது, அதுக்கு நாலு கம்பி கேபிள் போகணும். ஆனா உங்களுக்கு கீழ ஹால்லயும் கிச்சன்லயும் மட்டும் தானே ஃபால்ஸ் சீலிங்? பாத்ரூம்ல எப்படி பதிப்பீங்க?

ஃபால்ஸ் சீலிங் இல்லாத ரூம்ல சுவர்ல மாட்டற சின்ன பெட்டி ஸ்பீக்கர் தான். அதுக்கு ஒயர் வெளிய வர்ற ஓட்டை தரையிலேர்ந்து ஏழடி உயரத்துல, பெட்டிக்குப் பின்னாடி மறையற மாதிரி வரட்டும்.

இன்னொரு சமாச்சாரம். கீழ சீலிங்ல ஸ்பீக்கர் வச்சா மேல பெட்ரூம்ல தரை வழியா பாஸ் ஏறும், ராத்திரில நல்லாவே தெரியும். ஸ்பீக்கருக்குப் பின்னாடி மூடின டப்பா போட்டா குறையும், போற போக்குல பல்லி பூச்சி தூசியும் உள்ள போகாது. அதுக்கு ஃபால்ஸ் சீலிங் மேல எவ்ளோ இடைவெளி விடறாங்கன்னு இப்பவே கேளுங்க, டப்பாவோட ஆழம் அதுக்குள்ள அடங்கணும், எல்ஈடி லைட்டோட டிரைவர அது மேல போட்டு வைக்காம தள்ளி வைக்கச் சொல்லுங்க.

மாடிப்படி:

பாத்ரூமுக்கும் ஃபால்ஸ் சீலிங் வருது, எழுத விட்டுப்போச்சு. மேஸ்திரி கிட்ட கேட்டேன், 20 செமீ இடைவெளி கிடைக்குமாம்.

இப்ப நான் புரிஞ்சிக்கிட்டத சொல்றேன், சரியான்னு பாருங்க. கிச்சனுக்கு நாலு கம்பி கேபிள் சுவிட்ச் உயரத்து பாக்ஸ் வழியா சீலிங்குக்கு. பாத்ரூமுக்கு ஒரு நாலு கம்பி. ஹாலுக்கு டிவி பக்கம் ரெண்டு, சப்புக்கு ரெண்டு மூலை, டிவிக்கும் அலமாரிக்கும் 40 எம்எம் பைப். பெட்ரூம் ரெண்டுக்கும் சுவர்ல ரெண்டு ரெண்டு. ஆபீஸ் ரூம் 19 மீட்டர்ங்கறதால அதுக்கு மட்டும் 2.5. பால்கனிக்கு என்ன பண்றதுன்னு யாரும் சொல்லல. கேட் 6 எங்கெங்க வேணும்னும் தெளிவா இல்ல. அப்புறம் போட்டதெல்லாம் சரியா இருக்கான்னு பூச்சுக்கு முன்னாடி எப்படி செக் பண்றது? ஸ்பீக்கர் எதுவும் கையில இல்லையே.

ஸ்வரவரிசை:

கேட் 6: டிவிக்குப் பின்னாடி ரெண்டு, ஒவ்வொரு ரூம்லயும் மேஜை வரும்னு நெனைக்கற இடத்துல ஒண்ணு, பட்டன் பேனல் பாக்ஸுக்கு ஒண்ணு, அப்புறம் ரொம்ப முக்கியம், கீழ ஒரு சீலிங் மேல ஒரு சீலிங் வைஃபை பொட்டிக்கு ஒண்ணொண்ணு. ஒயர்லெஸ் ஸ்பீக்கர் விட்டு விட்டு பாடுதுன்னு வர்ற புகார்ல முக்கால்வாசி ஸ்பீக்கர் மேல தப்பே இல்ல, ஒரு மூலையில வச்ச ரவுட்டர் ரெண்டு கான்க்ரீட் தாண்டி வந்து சேரல, அவ்ளோதான். அந்த ஒயர்லயே கரண்டும் போகும், பிஓஇ, சாதா வகையில 15 வாட் வரைக்கும் அதுக்கு மேல் வகையில 30 வாட் வரைக்கும், அதனால சீலிங்ல பிளக் பாயிண்ட் வேணாம். ஒரே இழுப்புல 90 மீட்டர் வரைக்கும் சுவருக்குள்ள போடலாம், வீட்டுக்குள்ள அந்த தூரம் வரவே வராது. இதுலயும் முழு செம்பு தான் வேணும், கரண்ட் போறதால இங்க அலுமினியம் இன்னும் மோசம். இழுக்கறப்ப மாட்டு கயிறு இழுக்கற மாதிரி இழுக்கக் கூடாது, முறுக்கு கலைஞ்சா ஸ்பீடு போச்சு.

சும்மாஒருத்தன் சொன்ன ஒயர்லெஸ் வழிக்கும் இதே ஒயர் உதவும் பாருங்க, ஸ்பீக்கர்ல நெட்வொர்க் ஓட்டை இருந்தா சொருகிட வேண்டியது தான்.

காப்பர்கம்பி:

பால்கனிக்கு ரெண்டு கம்பி கேபிள் ரெண்டு, வெயில் மழை தாங்கற உறை போட்டது, ஆபீஸ் ரூமயும் தாண்டி போறதால இதுவும் 2.5 தான். வெளிய போற பைப்ப உள்ளேர்ந்து வெளிய பாத்து லேசா சரிவா வைங்க, இல்லன்னா மழைத்தண்ணி பைப் வழியா சுவருக்குள்ள இறங்கும். வெளிய வந்த ஒயர் ஸ்பீக்கருக்கு நேரா போகாம கீழ ஒரு வளைவு வளைஞ்சு மேல ஏறட்டும், தண்ணி அந்த வளைவுலயே சொட்டிடும்.

உங்க லிஸ்ட்ல ஒரு திருத்தம். ஹால் சீலிங்க விட்டுட்டீங்க. இப்ப ஸ்பீக்கர் வாங்கலன்னாலும் ரெண்டு ஒயர மேல போட்டு வைங்க. மத்ததெல்லாம் சரி, ஆபீஸ் ரூமுக்கு 2.5ங்கறதும் சரி.

செக் பண்றது சுலபம், ஒரு மல்டிமீட்டர் போதும். ரூம் பக்கம் முனையில ரெண்டு கம்பியையும் முறுக்கி சேத்துடுங்க, அலமாரி பக்கம் ஓம்ஸ் பாருங்க. உங்க 19 மீட்டருக்கு 2.5ல 0.3 பக்கம் வரணும். சாதா மீட்டருக்கு அதோட முள்ளுக்கே கொஞ்சம் ஓம் இருக்கும், முதல்ல ரெண்டு முள்ளையும் ஒண்ணோட ஒண்ணு தொட்டு எவ்ளோ காட்டுதுன்னு பாத்து அத கழிச்சிக்கங்க. ரொம்ப அதிகமா காட்டுனா எங்கயோ ஜாயின்ட் போட்டு மறைச்சிருக்காங்க, இல்ல ஒயர் போலி. அப்புறம் முறுக்க பிரிச்சிட்டு மறுபடி பாருங்க, இப்ப ஒண்ணுமே காட்டக் கூடாது. ஏதாவது காட்டுனா ஆணியோ ஸ்க்ரூவோ உள்ள ரெண்டு கம்பியையும் தொட்டுட்டு நிக்குது. பூச்சுக்கு முன்னாடி ஒரு தடவை, பூச்சு காஞ்சப்புறம் ஒரு தடவை. ஃபால்ஸ் சீலிங் ஆளுங்க தான் ஸ்க்ரூ அடிச்சு ஒயர குத்தறதுல கில்லாடிங்க, அதனால அவங்க முடிச்சப்புறம் மூணாவது தடவை.

லேபிள் ரெண்டு முனையிலயும் வேணும். பேனாவால டேப்ல எழுதுனா சிமெண்ட் தூசில அழிஞ்சிடும், எழுதிட்டு மேல ட்ரான்ஸ்பரண்ட் டேப் சுத்துங்க. சுவர் மூடறதுக்கு முன்னாடி ஒவ்வொரு சுவரையும் இன்ச் டேப்ப சுவர் மேலயே பிடிச்சு போட்டோ எடுங்க, மூலையிலேர்ந்து எவ்ளோ, தரையிலேர்ந்து எவ்ளோன்னு போட்டோலயே தெரியணும். பின்னாடி யாராவது படம் மாட்ட ட்ரில்லோட வந்தா அத காட்டுங்க.

மாடிப்படி:

எலக்ட்ரீசியன் கிட்ட லிஸ்ட்ட குடுத்தாச்சு, முதல்ல முறைச்சார், அப்புறம் "எங்க வீட்டுக்கும் இப்படி போடலாம் போலருக்கே"ன்னுட்டு போயிருக்கார். கடைசியா ஒண்ணு. ஹால் சீலிங் மேல ஒயர விட்டுட்டு ஸ்பீக்கருக்கு ஓட்டை போடாம மூடிட்டா, அப்புறம் அது எங்க இருக்குன்னு எப்படி கண்டுபிடிக்கறது? அப்புறம் கம்பில எது பிளஸ் எது மைனஸ்னு இவங்க மாத்திப் போட்டா என்ன ஆகும்?

காப்பர்கம்பி:

ஒயர் முனைய சும்மா மேல போட்டுடாதீங்க தங்கச்சி. ஸ்பீக்கர் வரப்போற இடத்துல, ரெண்டு சட்டத்துக்கு நடுவுல, ஒரு வளையமா சுத்தி கட்டச் சொல்லுங்க, முனைக்கு டேப் ஒட்டி. அந்த இடத்துல சட்டமோ ஏசி பைப்போ குறுக்க வரக் கூடாது. ரெண்டு சுவர்லேர்ந்து அளவு எடுத்து அந்த கணக்க அலமாரி கதவுக்கு உள்பக்கம் எழுதி ஒட்டிடுங்க. பின்னாடி ஓட்டை போடறப்ப முதல்ல விரல் நுழையற அளவுக்கு மட்டும் போட்டு ஒயர் தட்டுப்படுதான்னு பாத்துட்டு அப்புறம் பெருசாக்கணும்.

பிளஸ் மைனஸ் மாறுனா எதுவும் எரியாது. ஒரு ஸ்பீக்கர் கோன் வெளிய வர்றப்ப இன்னொண்ணு உள்ள போகும், பாஸ் காணாம போயிடும், குரல் நடுவுல நிக்காம எங்கயோ மிதக்கும். நாலு கம்பில வழக்கமா சிவப்பு கறுப்பு ஒரு ஸ்பீக்கர், வெள்ளை பச்சை இன்னொண்ணு, சிவப்பும் வெள்ளையும் பிளஸ். ஸ்பீக்கர் மாட்டுனப்புறம் சந்தேகம் இருந்தா ஆம்ப்லேர்ந்து ஒயர கழட்டிட்டு, அலமாரி முனையில ஒரு 1.5 வோல்ட் பேட்டரிய ஒரு நொடி தொட்டு எடுங்க. பேட்டரி பிளஸ் சரியான கம்பில இருந்தா கோன் வெளிப்பக்கமா ஒரு துள்ளு துள்ளும், மாறியிருந்தா உள்ள இழுத்துக்கும். தொட்டுட்டே இருக்காதீங்க, தொட்டு எடுத்துடணும். ஒரு ஆள் ரூம்ல கிரில்ல கழட்டிட்டு பாத்துட்டு நிக்கணும், பையன நிக்க வைங்க.